வளைவில் ஒற்றை விளக்கு

மூன்று வருடங்களுக்கு முன் அந்த வளைவில் செங்கல் லாரிக்காரர் ஹெட்லைட்டைத் தாழ்த்தவில்லை. எதிரே பைக்கில் வந்தவர் கண் கூசிப் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனார். அதன்பிறகு லாரிக்காரர் சைக்கிளுக்குக்கூட டிம் அடிக்கத் தவறியதில்லை.

ஒருநாள் இரவு லோடோடு, அம்மா வீட்டுக்குப் போக மனைவியும் ஏறிக்கொண்டாள். வளைவில் ஒற்றை விளக்கு தெரிந்ததுமே அவர் டிம் அடித்தார். பைக் ஒன்று கடந்து போனது.

“என்னங்க, நீங்கதான் டிம் பண்ணிட்டீங்களே. அந்த ஆள் ஏன் கையால கண்ணை மறைச்சுக்கிட்டுப் போறார்?”

“தினமும் அப்படித்தான் போறார்.” நேரம் கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு கியரை மாற்றினார். “நேத்து லைட்டையே அணைச்சுப் பார்த்தேன். அப்பவும் மறைச்சுக்கிட்டுத்தான் போனார்.”