மூடியில் எழுதிய பெயர்

"இப்ப என்ன சொல்றீங்க அண்ணி? நான் வேணும்னேவா சொன்னேன்?"

தம்பி மனைவி இரண்டு கண்ணாடித் தட்டுகளை மேசையில் வைத்தாள். ஒன்றின் மூடியில் 'நான்' என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் 'அண்ணி'. 'நான்' பளிச்சென்று இருந்தது. 'அண்ணி'யில் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாய்க் கிருமி பூத்துக் கிடந்தது.

தம்பிக்குப் பெண் பிறந்து நாற்பது நாள். பார்க்க ஆசையாய் பஸ் பிடித்து வந்த அக்காவை மூன்று நாளுக்கு முன்பு வாசலிலேயே நிறுத்தினாள் அவன் மனைவி. கடையில் வாங்கிய கிருமிப் பரிசோதனைத் தட்டில் வலது கை விரல்நுனிகளை அழுத்தச் சொன்னாள். ஒப்புக்குத் தன் கையையும் இன்னொரு தட்டில் அழுத்திக்கொண்டாள்.

முடிவு தெரியும்வரை குழந்தையைத் தொடக் கூடாதாம். மூன்று நாளும் அறை வாசலில் நின்றபடியே பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொண்டாள் அக்கா.

"நல்லா சோப்புப் போட்டுத்தாம்மா கழுவினேன்."

"நீங்க லேபுல கிருமித் தட்டு கழுவறவங்க. சோப்புக்கெல்லாம் போயிடுமா? அந்தக் கையால என் பொண்ணைத் தூக்க விடமாட்டேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அந்த லேப் வேலையில்தான் அவனைப் படிக்கவைத்திருந்தாள். அவன் செல்போனைப் பார்த்தான்.

"முதல்ல இந்தக் கண்றாவியைக் குப்பையில போடுங்க."

"ஐயோ, அப்படியே போடக் கூடாதும்மா. நேத்து நீ ரெண்டையும் திறந்து மோந்து பார்த்தியே, அதுவே தப்பு. உடைஞ்சு குப்பை அள்றவங்க கையைக் கிழிச்சா அவ்வளவுதான்." அக்கா வலது கையை நீட்டினாள். "என் மோதிர விரல் அப்படித்தானே போச்சு?"

"பாடம் எடுக்க மட்டும் தெரியுது."

குழந்தையோடு அறைக்குள் போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பால்கனியில் தம்பி வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தான். அக்கா கையுறை மாட்டிக்கொண்டாள்.

"பிளீச்சிங் ஊத்தி, முழுசா முங்கவெச்சு, அப்புறம்தான்டா மூடியைத் திறக்கணும்." தட்டுகளைக் கையில் எடுத்தாள். "லேபுல பேரை அடித்தட்டுலதான் எழுதுவாங்க. மூடின்னா மாறிடும்ல..."

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது.

'அண்ணி' தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். விரல் பதிந்த இடங்களில் மட்டும் திட்டுகள். எண்ணினாள். ஐந்து.

தன் வலது கையைப் பார்த்தாள். நான்கு விரல்.

நிமிர்ந்தபோது தம்பியும் உதடசைய எண்ணிக்கொண்டிருந்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதோ, உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து தன் கையில் கொடுத்துவிடுவான்.

தம்பி சாத்தியிருந்த கதவை ஒரு தரம் பார்த்தான். பிளீச்சிங் பாட்டிலை எடுத்து மொத்தத்தையும் வாளியில் கவிழ்த்தான்.

"சீக்கிரம் முக்குக்கா," என்றான். "அவ வந்து பார்த்துடப் போறா."