புரையேறவே இல்லை

"விஷம்தான் வச்சிருக்கான், டாக்டரம்மா. அந்த இராஜாங்கத்தை விட்டா வேற யாரு?"

காத்தாயி ஆத்திரத்தோடு சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் புருஷன் மருதையன் கண் திறக்காமல் கிடந்தான். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவன், பதினைந்து நாளில் நன்றாகத் தேறி வந்தான். பேச்சுகூடக் கொஞ்சம் திரும்பியிருந்தது. வெள்ளிக்கிழமை தாசில்தார் விசாரணை. முப்பது வருஷமாக அந்த மூன்று மா நிலத்தை உழுபவன் தான்தான் என்று அவன் வாயால் சொல்லிவிட்டால், புதுச் சட்டப்படி குத்தகை அவன் பேரில் பதிவாகிவிடும். அது நடக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார் பண்ணையார். அவருடைய காரியக்காரன்தான் இராஜாங்கம்.

அவன் என்ன செய்தான் என்று டாக்டர் ஹலீமா கேட்டதும் காத்தாயி கொட்டித் தீர்த்தாள். திங்கட்கிழமை அவள் துணி துவைக்க வாய்க்காலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் நுழைந்திருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால், படுக்க வேண்டிய மனுஷனைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி உட்கார வைத்து, களி மாதிரிக் கெட்டியான கேழ்வரகுக் கூழைக் கரண்டி நுனியில் எடுத்து ஊட்டிக்கொண்டிருக்கிறான். தன் அப்பாவும் இப்படித்தான் விழுந்தார், பக்குவம் தெரியும் என்று கதை வேறு அளந்தான். சட்டியைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். மறுநாளே காய்ச்சல். விவசாயிகள் சங்கத்து ஆட்கள் புகார் கொடுத்து, அவன் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான்.

"மத்த நாளெல்லாம் யாரும்மா ஊட்டினது?"

அடுத்தவர் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை என்று காத்தாயி நிமிர்ந்தாள்.

"நான்தாங்க. மடியில படுக்கப் போட்டு, புள்ளைக்குப் பால் புகட்டுற பாலாடையால நீராகாரம் ஊத்துவேன். மொத ரெண்டு நாள் புரையேறுச்சு. உச்சந்தலையில தட்டிவிட்டேன். அப்புறம் புரையேறவே இல்லீங்க."

இடுப்பிலிருந்து பாலாடையை எடுத்தும் காட்டினாள். ஐந்து பிள்ளைகள் குடித்து வளர்ந்த பித்தளைப் பாலாடை.

டாக்டர் அதையே பார்த்தார். பிறகு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நர்ஸைக் கூப்பிட்டு, நோயாளியை உடனே தலை உயர்த்திப் படுக்க வைக்கச் சொன்னார். வாய் வழியாக ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார்.

"எம்மா, அவருக்கு இருமுற தெம்பே போயிடுச்சு. அதான் புரையேறலை. நீங்க ஊத்தினது நுரையீரலுக்குள்ள போய் சீழ் புடிச்சிருக்கு."

காத்தாயி கையிலிருந்த பாலாடையைப் பார்த்தாள்.

"அப்ப... அவன் குடுத்த கூழு?"

"கெட்டியா, நிமித்தி உக்கார வச்சுக் குடுத்த அது ஒண்ணுதாம்மா ஒழுங்கா வயித்துக்குப் போயிருக்கும்."