சாணுவின் சேட்டை

நெட்டையின் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்ததுமே இன்றும் மாஸ்டரக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் குலுங்கிய குலுங்கலில் ஆஸ்பத்திரிக் கட்டில் கிறீச்சிட்டது.

"இன்னும் என் வீட்டு வாசல் நிலை உன்னை விடலையாடி?"

"எங்கக்கா விடுது? நாலு நாளாச்சு, இன்னும் வீக்கம் வடியலக்கா."

கூட வந்திருந்த பட்டனோடு சேர்த்து மூவருக்கும் ஒரே தையல் கடையில் வேலை. மாஸ்டரக்கா துணி வெட்டுவாள், நெட்டை மெஷினில் தைப்பாள், பட்டன் பட்டன் கட்டுவாள். பட்டனுக்கு அந்தப் பெயர் செய்யும் வேலையால் வந்ததா, ஆள் இருக்கும் உயரத்தால் வந்ததா என்று கடையில் இன்றுவரை தீர்ப்பு சொல்லப்படவில்லை.

பட்டனும் தன் பங்குக்கு ஒரு கதை வைத்திருந்தாள். மாஸ்டரக்கா படுத்துவிட்டதால் துணி விரிக்கும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. கட்டிங் மேசை அவளுக்கு மார்பளவு. ஸ்டூல் போட்டு ஏறியவள், சாக்பீஸ் டப்பாவோடு கீழே விழுந்து, முகமெல்லாம் வெள்ளையாகி எழுந்திருக்கிறாள். முதலாளியே அடையாளம் தெரியாமல் யாரம்மா நீ என்று கேட்டாராம்.

மாஸ்டரக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"சரி, சாணு என்ன பண்றான்?"

சாணு அவளுடைய நாய். கடை மூலையில் வெட்டுத் துணி மூட்டைக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடந்தவனை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வளர்ந்து முடித்த பிறகும் நின்றால் தரையிலிருந்து முதுகுவரை சரியாக ஒரு சாண்தான். அதுவே பெயராகிவிட்டது. அவனுக்கு மழைக்கோட்டு தைத்தபோதுகூட அவள் டேப்பைத் தொடவில்லை, கையாலேயே அளந்தாள். அக்கம்பக்கத்தார் அவளை ஒருவருமில்லாத தனியாள் என்று சொன்னால், அப்போ சாணு யாராம் என்று சண்டைக்குப் போவாள்.

ஆஸ்பத்திரியில் சேரும்போது வீட்டுச் சாவியையும் சாணுவின் சங்கிலியையும் நெட்டையின் கையில்தான் கொடுத்தாள். இவனைப் பார்த்துக்கோ, எனக்கு ஒண்ணும் ஆகாது என்றாள்.

நாலு நாளைக்கு முன்னால் அவனை வெளியே கூட்டிப்போகும்போதுதான் நெட்டை அந்த நிலையில் இடித்துக்கொண்டாள். நூறு தடவை இடித்த அதே நிலை. வலியில் இரண்டு கையும் தானாக நெற்றிக்குப் போனது. சங்கிலி நழுவியது. கண்மூடித் திறப்பதற்குள் தெருவில் ஒரு வேன் பிரேக் போட்டது, கொஞ்சம் தாமதமாக.

நாளைக் காலையில் மாஸ்டரக்காவுக்கு இதய ஆபரேஷன். அதுவரை மனசு கலங்கும்படி எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் சாணு நாலு நாளாக நெட்டையின் வாயில் உயிரோடு இருந்தான். முதல் நாள் செருப்பைக் கடித்தான். அடுத்த நாள் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தான். நேற்று மாஸ்டரக்காவின் தலையணையில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். இன்று நெட்டையிடம் கதை எதுவும் மிச்சமில்லை. பட்டன் கட்டிலுக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

"அதை ஏன்க்கா கேக்கறே. தனியா விட மனசு வராம கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்படியே ஒரு எம்பு எம்பி, நீ பாதி வெட்டி வச்சிட்டு வந்த பச்சைத் துணியைக் கவ்வி இழுத்துட்டான். கடை பூரா ஓட்டம். பிடிக்கறதுக்குள்ள முதலாளிக்கு மூச்சு வாங்கிடுச்சு."

மாஸ்டரக்கா ஒரு நொடி அவளையே பார்த்தாள்.

"கட்டிங் மேசை மேல இருந்தா இழுத்தான்?"

"ஆமாக்கா, மேசை மேல இருந்துதான். நானே பார்த்தேனே."

மாஸ்டரக்கா சிரிக்க ஆரம்பித்தாள். இதுவரை சிரித்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டியது. போர்வை நுனியால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். நெட்டைக்கு அப்பாடா என்றிருந்தது. இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாகவும் இருந்தது. நாளை மறுநாள் எந்த முகத்தோடு இவள் முன்னால் வந்து நிற்பது என்று தெரியவில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்ததாக மணி அடித்தது. பட்டன் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நெட்டை எழுந்தபோது மாஸ்டரக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவ்வளவு உயரத்தையும் மடித்துக்கொண்டு நெட்டை குனிந்தாள்.

பிளாஸ்திரியை மாஸ்டரக்கா விரலால் மெதுவாகத் தடவினாள்.

"ரொம்ப வலிச்சுதாடி?"

"இல்லக்கா."

"நாலு நாளா இதைத் தனியா வச்சுக்கிட்டு அழுதியா?"

மாஸ்டரக்கா ஊசி குத்தியிருந்த கையைப் போர்வைமேல் வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் அளந்தாள். அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு பார்க்க வர்றப்போ, உன் கதையில அவனைக் குட்டையாவே கூட்டிட்டு வாடி."