இறங்கும் சீட்

1987இல் சுங்கை ரோடு சந்தையில் சவரிநாதன் ஒரு பழைய அமெரிக்க மலைச் சைக்கிளை வாங்கினார். அவருக்குத் தெரிந்து சிங்கப்பூரில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. தோ பாயோ வீட்டு வாசலில் வைத்துத் துருவைத் தேய்த்தார், சாயம் அடித்தார், புக்கிட் தீமா மண்பாதையில் ஓட்டினார். மேடெல்லாம் அலட்சியமாக ஏறியது.

ஒரே ஒரு குறை. தன் உயரத்துக்கு அவர் ஏற்றி முறுக்கிய சீட், மறுநாள் காலையில் இறங்கியிருக்கும். எப்போதும் அதே அளவு. அவர் மனைவி உர்சுலாவின் கால் அளவு.

“உன் குட்டைக் காலுக்கு என் சைக்கிள் கேக்குதா?”

“எனக்கு ஓட்டவே தெரியாதுங்க.” தேக்கா கடைகளுக்குத் துணி தைப்பவள் அவள். மெஷினைவிட்டு நிமிரவில்லை.

அவர் நம்பவில்லை. பக்கத்து வீட்டார் முன்னால் அவளைக் குள்ளச்சி என்று கூப்பிட்டார். கடைசியில், கப்பல் பட்டறை வெல்டர் அல்லவா, சீட்டுக் கம்பியை ஃபிரேமோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்.

“இனி எப்படி இறங்குதுன்னு பாக்குறேன் லா.”

மறுநாள் சீட் இறங்கவில்லை. திருப்தியாக ஏறி உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை. கீழே குதித்தார். கால்சட்டை பாதங்களை மூடித் தரையில் புரண்டது.

உள்ளே, அவருடைய கால்சட்டைகளையெல்லாம் உர்சுலா ஏற்கெனவே மெஷின் பக்கத்தில் அடுக்கியிருந்தாள்.

“மடிச்சுத் தைச்சா பின்னால நீட்டிக்கலாம்,” என்றாள். “வெட்டிடவா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் கத்திரிக்கோல் துணியில் இறங்கியது.