குழாயை அடைத்த தகடு

இரண்டு தடவை புது வால்வு போட்டும் இன்ஜின் விளக்கு அணையவில்லை, புகைச் சோதனையிலும் தேறவில்லை என்று வாத்தியார் தன் பழைய காரைக் கொண்டுவந்திருந்தார்.

மெக்கானிக் வால்வைத் தொடவே இல்லை. அந்த வால்வு வழியாகப் புகையை மறுபடி இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் குழாயைக் கழற்றினார். அதன் வாயை ஒரு தகடு கரி படிந்து மூடியிருந்தது.

"வழியவே அடைச்சு வெச்சிருக்கான் சார். வால்வு என்ன பண்ணும், பாவம்? எவனோ கத்துக்குட்டி பண்ண வேலை."

"நான் வாங்குறதுக்கு முன்னாடியே நடந்திருக்கும். ஆள் யாருன்னு கண்டுபிடிக்க முடியாதா?"

"எப்படி சார் முடியும்? நான் செஞ்சு மாட்டுற ஒவ்வொண்ணுலயும் மூணு புள்ளி குத்தி வைப்பேன். அந்த ரோஷம் எத்தனை பேருக்கு இருக்கு?"

பில் எழுதிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவி எழுந்து வந்தாள். தகட்டை வாங்கி, பழந்துணியால் அழுத்தித் துடைத்தாள். பார்த்துவிட்டுக் கணவரிடம் நீட்டினாள்.

வரிசையாக மூன்று புள்ளிகள்.

மெக்கானிக் தகட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கழற்றிய குழாயை மிகுந்த அக்கறையோடு சுத்தம் செய்யத் தொடங்கினார்.

"என்னம்மா, ஏதாவது துப்பு கிடைச்சுதா?" என்றார் வாத்தியார்.

"தெரிஞ்சவர்தான் சார்" என்றாள் அவள். "இப்போ தொழிலை நல்லாவே கத்துக்கிட்டாரு."