விற்காத ஸ்பூன்

கம்பெனியை விற்றாகிவிட்டது. நாலு தொழிற்சாலை, நாற்பது லாரி, டப்பாவின் மேல் சிரிக்கும் அன்னாசிப்பழப் படம் உட்பட எல்லாம் கை மாறியாயிற்று. பழைய முதலாளியான பெரியவருக்கு ருசி பார்க்கும் ஸ்பூனை மட்டும் விட மனசு வரவில்லை.

"ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிட்டாராம்" என்றாள் லேபிள் ஒட்டுகிறவள். "இன்னும் ஆறு மாசத்துக்கு தினமும் வந்து ருசி பாப்பாராம். சம்பளம்கூட வேணாமாம்!"

"அதுக்காக விலையில வேற விட்டுக் கொடுத்தாராம். பையனுக்கும் அவருக்கும் பெரிய சண்டையாம்" என்றார் ஸ்டோர்காரர். "நாற்காலி போனாலும் அதிகாரம் போகல பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ருசிக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கம்பெனிக்கு நாக்கு அவள்தான். ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு, சீட்டில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் டப்பாவுக்கு மூடி விழும்.

அந்த நாக்குதான் இப்போது மக்கர் பண்ணியது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது ருசியையும் வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவளுக்கு சர்க்கரைப் பாகும் ஒன்றுதான், பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான்.

"தானா திரும்பி வரும். நாளாகும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வெளியே சொன்னால் வேலை போகும். வீட்டில் மூன்று வயிறு, சம்பளம் ஒன்று. அதனால் நிறத்தைப் பார்த்து, கொதியைப் பார்த்து, குத்துமதிப்பாகப் "பிரமாதம்" என்று சொல்லிக் காலத்தை ஓட்டினாள்.

அதற்கும் வேட்டு வைக்கிற மாதிரி பெரியவர் பக்கத்திலேயே வந்து நிற்பார். அவள் வாயைத் திறப்பதற்குள் அதே அண்டாவில் அவர் ஸ்பூன் விழும்.

"பட்டாணிக்கு இன்னும் ஒரு பிடி உப்பு போடச் சொல்லும்மா."

எல்லோர் முன்னாலும்தான். 'இத்தனை வருஷம் இல்லாத சந்தேகம் இப்ப என்ன வந்துச்சு இந்த மனுஷனுக்கு?' என்று அவள் உள்ளுக்குள் பொருமுவாள். விற்ற பிறகாவது தொல்லை விட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

புது முதலாளியம்மா வந்த முதல் நாள். சோள அண்டா முன்னால் எல்லோரும் நின்றார்கள். ருசிக்காரம்மா ஸ்பூனை வாயில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"உப்பு தூக்கல்!" என்று முந்திக்கொண்டார் பெரியவர்.

புது முதலாளியம்மாவின் முகம் சுருங்கியது.

"ஐயா, ருசி பாக்கத்தான் எழுதிக் கொடுத்தோம். அவங்க வேலைய அவங்க பாக்கட்டும். இது இப்ப என் கம்பெனி."

அங்கங்கே சிரிப்பை அடக்கினார்கள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பழக்கதோஷம்மா. மன்னிச்சிக்கோங்க."

தான் கட்டி எழுப்பிய இடத்தில் அவர் அப்படி நின்றதை அவளால் பார்க்க முடியவில்லை. "ஐயா சொன்னது சரிதாங்க. தண்ணி ஊத்தணும்" என்றாள்.

கூட்டம் கலைந்ததும் குழாயடிக்குப் போனாள். அவர் ஸ்பூனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க சந்தேகப்பட்டது நியாயந்தான். எனக்கு மூணு மாசமா ருசியே தெரியல. எல்லாரையும் ஏமாத்திட்டேன். நாளைக்கு நானே வேலைய விட்டுடறேன்."

அழுதுவிட்டாள்.

பெரியவர் ஸ்பூனைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகினார்.

"உப்பே போடாத பட்டாணிய ஒருநாள் பிரமாதம்னு சொன்னியே, அன்னைக்கே தெரியும்மா. முன்னாடி எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சு. நாக்கு திரும்பி வர சரியா ஒம்பது மாசம் ஆச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு மூணு முடிஞ்சிருச்சு. மிச்சம் ஆறு மாசத்தத்தான் எழுதி வாங்கியிருக்கேன்."