யார் போட்ட தாளம்

காணிப்பாக்கம் கோயில் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில், இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். முழுகத்தான் காணோம்.

முழுகி எழுந்து பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். இங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை. மாங்காய் மண்டியில் நாங்கள் எல்லா சாமியையும் சாட்சிக்கு இழுப்போம். இவரை மட்டும் இழுக்க மாட்டோம்.

சிரஞ்சீவி என் அண்ணன் மகன். பவன்குமார் அவன் கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டிரம் மெஷின் வாங்கி, சித்தூரில் சிரஞ்சீவி வீட்டு ஹாலில் வைத்திருக்கிறார்கள்.

டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு பெட்டி. வரிசையாகப் பொத்தான்கள், மேலே குமிழ்கள். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ தாளத்தில் அந்த இடத்தில் ஓர் அடி விழும். குமிழைத் திருகினால் அதே அடி தவிலாகும், தகரமாகும், தவளையாகும்.

இதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே வருமே என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"அது ஸ்பூன்ல துன்ற சோறு சித்தப்பா. இது கையால பெசஞ்சு துன்றது," என்றான் சிரஞ்சீவி.

பிசைந்ததில் ஒரு தாளம் வந்துவிட்டது. மூன்று அடி ஒழுங்காக விழும். நாலாவது, கிளம்பிவிட்ட பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவன் மாதிரி, கொஞ்சம் தாமதமாக வந்து விழும். கேட்டதும் இந்தத் தொப்பையோடு எனக்கே இடுப்பு ஆடியது.

திருப்பதியில் ஒரு சினிமா இசைக்காரர் அதைக் கேட்டார். படத்தில் சேர்த்துக்கொள்கிறேன், போட்டவர் பெயரும் வரும் என்றார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் "நான்தான் போட்டேன்". பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற அளவுக்கு முற்றியது. காணிப்பாக்கம் போய்ச் சத்தியம் பண்ணுங்கள் என்று நான்தான் சொன்னேன். இருவரும் வீறாப்பாகத் தலையாட்டினார்கள். சட்டை, துண்டைப் பிடித்துக்கொள்ள சிரஞ்சீவியின் மனைவி யமுனாவையும் கூட்டி வந்தோம்.

"நீதான போட்ட? முழுகுடா," என்றான் பவன்குமார்.

"நீ முழுகு மொதல்ல. இன்னா, தண்ணி சுடுதா?"

"எனுக்கு சளிடா."

கூடைக்கு அடியில் அழுகின காயை வைத்துவிட்டு விலை பேசுகிறவன் முகம் எனக்குத் தெரியும். குளத்தில் அப்படி இரண்டு முகம் நின்றது.

"ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லிடலாமா?" என்றேன் படியிலிருந்து.

நான் வாயை மூடுவதற்குள் இருவரும் கரையேறிவிட்டார்கள். தோளில் கை வேறு. பேரம் படிந்தது. பிள்ளையாருக்கும் ஒரு தலைவலி மிச்சம்.

துண்டு வாங்கத் திரும்பினோம். சட்டையும் துண்டும் படியில் கிடந்தன.

யமுனா தண்ணீரில் இருந்தாள். மூக்கைப் பிடித்து மூன்று முழுக்கு. ஈரம் சொட்டச் சொட்ட எங்களைத் தாண்டிச் சன்னதிப் பக்கம் நடந்தாள்.

"நீ இன்னாத்துக்கும்மா முழுகின?" என்றேன்.

"சத்தியம் பண்ணத்தான் மாமா."

"எதுக்கு அண்ணி?" என்றான் பவன்குமார், வாயைப் பிளந்துகொண்டு.

சிரஞ்சீவி தலையைத் துவட்டுகிறவன் போல முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான்.

அவன் மட்டும் எதுக்கு என்று கேட்கவில்லை.